பள்ளி பேண்டில் முதல் ஆண்டு: பெற்றோரும் பிள்ளைகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளை முதல் சில வாரங்களுக்குள் ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டும். சீருடை இயக்கம் ஒன்று, கழகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கோலாலம்பூரில் பல இடைநிலைப்பள்ளிகளில் பேண்ட் வாத்தியக் குழுவைச் சீருடை இயக்கங்களோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பளபளக்கும் டிரம்பெட், வெள்ளைக் கையுறை, ஆகஸ்ட் 31 அணிவகுப்பு எல்லாம் பிள்ளையின் கண்ணில் நிற்கும். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "சேர்ந்துக்கோ, புறப்பாடத்துக்கு மார்க் கிடைக்கும்." இல்லையென்றால், "அதெல்லாம் வேண்டாம், படிப்பு கெட்டுப்போகும்."

இரண்டு பதிலுமே பேண்டை இன்னொரு டியூஷன் வகுப்பாகத்தான் பார்க்கின்றன. முதல் ஆண்டில் வரும் மனக்கசப்புகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. டியூஷனுக்கு ஒரு நாள் போகாவிட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு மட்டும். நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பேண்டில் யூபோனியம் என்ற பித்தளைக் கருவியை வாசிக்கும் இரண்டு பேரில் ஒருவர் வரவில்லை என்றால், அன்று அத்தனை பேரும் அரைகுறை ஒலியை வைத்துக்கொண்டுதான் பயிற்சி செய்ய வேண்டும். வராத பிள்ளை அடுத்த வாரம் வந்து நோட்டைப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. பக்கத்தில் இருப்பவரின் ஒலியோடு தன் ஒலியைச் சேர்ப்பது அந்த அறையில், அந்த ஆட்களோடு உட்கார்ந்தால்தான் வரும்.

ஆகவே சேர்வதற்கு முன்பே கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், சனிக்கிழமை உண்டா, பள்ளி விடுமுறையில் முகாம் உண்டா, போட்டி எந்த மாதம். நம் வீடுகளுக்கென்று சில நாட்கள் இருக்கின்றன. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் குடும்பமாக இருந்தால் விரதமும் பத்துமலைப் பயணமும் இருக்கும். பொங்கல், தீபாவளி, அக்காவின் அரங்கேற்றம், பாட்டி வீட்டுத் திருமணம் என்று வரிசையாக வரும். பயிற்றுநர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். அவருக்கு நம் நாட்காட்டி தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதிகளை ஒரு தாளில் எழுதி பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டால், பெரும்பாலானவர்கள் அனுசரித்துப் போவார்கள். போட்டிக்கு முந்தைய நாள் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளை மகன் வரமாட்டான்" என்று அனுப்புவதைத்தான் யாராலும் அனுசரிக்க முடியாது.

கருவியை வீட்டிலேயே முடிவு செய்துவிடுவது

சேரும் பிள்ளைகளில் பலருக்கு வேண்டியது சாக்ஸபோன், டிரம்பெட், டிரம் இந்த மூன்றில் ஒன்று. ஆழமாக ஒலிக்கும் பெரிய பித்தளைக் கருவியான தூபா வேண்டும் என்று கேட்டு வரும் பிள்ளை அபூர்வம். பயிற்றுநர் கிளாரினெட்டைக் கையில் கொடுத்தால், "என் மகனுக்கு ஏன் ஓரமாக ஒன்றைக் கொடுத்தீர்கள்" என்று பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். காற்றுக்கருவிக் குழுவில் பெரிய பிரிவு பெரும்பாலும் கிளாரினெட்தான். சிம்பொனி இசைக்குழுவில் வயலின்கள் சுமக்கும் வேலையை இங்கே கிளாரினெட்டுகள் சுமக்கின்றன. யூபோனியம் பாடாத இடத்தில் குழுவின் ஒலியில் சதையே இருக்காது. பின்வரிசையில் ஒரு தூபா தடுமாறினால் முன்வரிசை முழுவதும் சுருதி விலகும்.

பயிற்றுநர் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கொடுப்பதில்லை. உதட்டின் பருமன், முன்பற்களின் வரிசை, கையின் நீளம், விரல் நுனி துளையை மூடுகிறதா, காது எப்படி என்று பார்ப்பார். டிரோம்போனின் நகரும் குழாயை முழுதாக நீட்டும் ஏழாம் நிலைக்குக் குட்டைக் கை எட்டாது. கிளாரினெட்டின் முழு எடையும் வலது கட்டைவிரலில் விழும். பிரெஞ்சு ஹார்னில் ஒரே விரல் நிலையில் பல சுரங்கள் அடுத்தடுத்து நெருங்கி நிற்பதால், எந்தச் சுரம் வரப்போகிறது என்பதை முதலில் மனதுக்குள் கேட்கத் தெரிந்த பிள்ளைதான் அதில் நிலைக்கும். பியானோ படித்த பிள்ளையையோ நன்றாகப் பாடும் பிள்ளையையோ ஹார்னுக்கு இழுப்பதற்குக் காரணம் அதுதான். பெண் பிள்ளைக்குப் புல்லாங்குழல், ஆண் பிள்ளைக்கு டிரம் என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தூபாவை அநாயாசமாகத் தூக்கி வாசிக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தேர்வுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவியின் ஒலியையும் பிள்ளை நேரில் கேட்கட்டும். கேஎல்சிசி இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998 முதல் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கம் இருக்கிறது. அதே கட்டடத்துக்குச் சாப்பிடவும் கடை சுற்றவும் போய்வருகிற குடும்பங்களில் பல, அந்த அரங்கின் கதவைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. தேசிய தினத்தன்று போலீஸ், ராணுவ வாத்தியக் குழுக்கள் போகும்போது டிரம்மை மட்டும் பார்க்காமல், ஆழத்தில் ஒலிப்பது எது என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பெயரை வைத்துக் கருவியை விரும்புவதற்கும் ஒலியை வைத்து விரும்புவதற்கும் நிறைய வித்தியாசம்.

பற்களுக்குக் கம்பி போடும் எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். உதட்டில் வைத்து ஊதும் டிரம்பெட், ஹார்ன் வகைகளுக்குக் கம்பி போட்ட முதல் சில வாரம் வலிக்கும், ஒலியும் மாறும். பழகிக்கொள்ளலாம், ஆனால் போட்டிக்கு முந்தைய வாரம் கம்பியை முறுக்கிவிட்டு வந்தால் பாவம் அந்தப் பிள்ளை. ஆஸ்துமா இருக்கிறது, ஊதக் கூடாது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள், பிள்ளையின் பையில் மருந்து இருக்கட்டும், பொறுப்பாசிரியருக்கும் அது தெரியட்டும்.

அவசரப்பட்டு வாங்குவது, அப்புறம் புளி போட்டுத் தேய்ப்பது

பள்ளியிடம் கருவிகள் இருந்தால் முதல் ஆண்டு அதையே வாங்கி வாசிக்கட்டும். பழையதாக, கீறலோடு இருக்கும். பரவாயில்லை. பிள்ளை கருவியை மாற்றக்கூடும், பேண்டையே விடக்கூடும். இணைய அங்காடியில் சில நூறு வெள்ளிக்குப் பெயர் தெரியாத டிரம்பெட்டுகள் மின்னுகின்றன. அவற்றில் வால்வு சிக்கிக்கொண்டால் பழுது பார்ப்பவர் பெரும்பாலும் கையில் எடுக்கவே மாட்டார், உதிரி பாகம் கிடைக்காது. அதே பணத்தில் நல்ல வாய்முகப்பு ஒன்று, வால்வு எண்ணெய், சுத்தம் செய்யும் துணி, தாளம் காட்டும் மெட்ரோநோம் வாங்கலாம். கிளாரினெட், சாக்ஸபோன் என்றால் ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் சீவல்) ஒரு பெட்டி. கருவி பொதுவாக இருந்தாலும் வாய்முகப்பு சொந்தமாக இருக்கட்டும். வாய்முகப்பையும் ரீடையும் நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்ள விடாதீர்கள்.

கருவி வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் தவறுகளில் ஒன்று நம் வீடுகளுக்கே உரியது. பித்தளையைக் கண்டால் அம்மாவுக்குக் குத்துவிளக்கு ஞாபகம் வரும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் விளக்கு பளிச்சென்று ஆகும். டிரம்பெட்டின் மேல் அரக்குப் பூச்சு இருக்கிறது. புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எது பட்டாலும் அந்தப் பூச்சு போய், திட்டுத் திட்டாகக் கறுக்கத் தொடங்கும். மென்மையான துணியால் விரல் ரேகையைத் துடைத்தால் போதும். உள்ளே கழுவ வேண்டும் என்றால் வெதுவெதுப்பான நீர், கொதிநீர் கூடாது. வால்வுக்குத் தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடக் கூடாது. அதற்கென்று விற்கும் எண்ணெய்ச் சீசா ஒன்று பல மாதம் வரும்.

வால்வில் இன்னொரு விஷயம். மூன்று வால்வுகளிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். பிள்ளை மூன்றையும் ஒன்றாகக் கழற்றி எண்ணெய் விட்டு, இடம் மாற்றிப் போட்டுவிடும். அப்புறம் என்ன ஊதினாலும் காற்று போகாது. கருவி உடைந்துவிட்டது என்று பயந்து அழும். எண்ணைப் பார்த்துச் சரியான இடத்தில் போட்டு, அது உட்காரும்வரை மெல்லத் திருப்பினால் சரியாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் கழற்றப் பழக்கினால் இந்தப் பயமே இல்லை. வாய்முகப்பு இறுகிப்போய் வரவில்லை என்றால் அப்பா கருவிப்பெட்டியிலிருந்து குறடை எடுக்கக் கூடாது. குழாய் முறுக்கிக்கொள்ளும். அதைக் கழற்றுவதற்கென்றே ஒரு சாதனம் இருக்கிறது, பேண்ட் அறையில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் இருக்கும்.

கிளாரினெட் வாசிக்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்கும் விதம். இரண்டுக்கும் நடுவில் பாலம் போல ஒரு சாவி (உலோக நெம்பு) இருக்கிறது. மேல் துண்டின் வளையத்தை அழுத்திப் பிடித்து அந்தப் பாலத்தைத் தூக்கிக்கொண்டுதான் திருக வேண்டும். அழுத்தாமல் திருகினால் பாலம் வளையும், அதன்பின் சில சுரங்கள் வரவே வராது. ரீடை முதலில் நனைத்து, அதன் நுனி வாய்முகப்பின் நுனியோடு மயிரிழை வித்தியாசமில்லாமல் பொருந்தும்படி வைக்க வேண்டும். சட்டை விளிம்பில் உரசினாலும் நுனி பிளந்துவிடும். பிளந்த ரீடை வைத்துக்கொண்டு "எனக்கு ஒலியே வரவில்லை" என்று நொந்துபோகும் பிள்ளைகள் நிறைய. மூன்று நான்கு ரீடுகளைச் சுழற்சியில் வைத்துக்கொண்டால், ஒன்று போனாலும் பயிற்சி நிற்காது.

நம் ஊர் ஈரப்பதத்தில் நனைந்த ரீடை அப்படியே மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு இழுத்த பிறகே மூட வேண்டும். பயிற்சிக்கு முன் மைலோ, தே தாரிக், நாசி லெமாக் என்று எது உள்ளே போனாலும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரையும் எண்ணெயும் காற்றோடு உள்ளே போய் சாவிகளின் அடியில் இருக்கும் திண்டுகளை ஒட்டவைத்துவிடும். வெயிலில் நிறுத்திய காரில் கருவியை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போவதும் கூடாது. அந்தச் சூட்டில் திண்டுகளைப் பிடித்திருக்கும் பசை இளகும்.

வீட்டில் நடக்கிற கச்சேரி

அடுக்குமாடி வீட்டில் டிரம்பெட் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்து, வாரம் முழுவதும் கருவியை மூடி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஊத வைப்பது உதட்டுக்கு நல்லதல்ல. உதடும் ஒரு தசை. தினமும் பதினைந்து இருபது நிமிடம் ஊதினால் அது வலுப்படும், இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஊதினால் வீங்கிப்போகும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி, மாலையில் ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பயிற்சிக்கான ஒலியடக்கி இருக்கிறது, டிரம்முக்கு ரப்பர் பலகை இருக்கிறது.

மேல் சுரம் வரவில்லை என்றால் பிள்ளை வாய்முகப்பை உதட்டில் அழுத்தும். உதட்டில் வட்டமாகத் தழும்பு தெரியும். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதும். பார்க்க வீரமாக இருக்கலாம், ஆனால் இரண்டுமே பின்னால் திருத்துவதற்குக் கடினமான பழக்கங்கள். முதல் மாதங்களில் நீண்ட ஒற்றைச் சுரங்கள்தான் வாசிக்க வேண்டும். பிள்ளை ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதுகிறது, பாட்டு ஒன்றும் வரவில்லை என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நாதஸ்வரம் கற்றவர்களைக் கேட்டால் தெரியும், அவர்களும் மூச்சைப் பிடித்து நிறுத்தித்தான் தொடங்கியிருப்பார்கள்.

கைபேசியில் கீபோர்டு செயலியைத் திறந்து, பிள்ளையின் டிரம்பெட் சுருதியைச் சோதித்துப் பார்த்துவிட்டு "கருவி கெட்டுப்போய்விட்டது" என்று முறையிடுவதும் அடிக்கடி நடக்கிறது. டிரம்பெட், கிளாரினெட் இரண்டிலும் தாளில் சி என்று எழுதியிருக்கும் சுரத்தை வாசித்தால் பியானோவில் பி ஃபிளாட் கேட்கும். ஆல்டோ சாக்ஸபோனில் அதே சி, இ ஃபிளாட்டாக வரும், பிரெஞ்சு ஹார்னில் எஃப் ஆக வரும். புல்லாங்குழலிலும் டிரோம்போனிலும் இந்த வித்தியாசம் இல்லை. அந்தந்தக் கருவிக்கு எழுத்து இப்படித்தான் அமைந்திருக்கிறது, கருவியில் பழுதில்லை. கருவிகளைச் சேர்த்துச் சுருதி பார்க்கும்போது பயிற்றுநர் பி ஃபிளாட் கேட்பதும் இதனால்தான்.

சுருதி பற்றிப் பேசும்போது கர்நாடக இசை படிக்கும் பிள்ளைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இசை வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குத் தாளமும் சுரஞானமும் வயதுக்கு மீறி இருக்கும். ஆதி தாளம் போட்ட கைக்கு நான்கு எண்ணிக்கை தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பாட்டு வகுப்பில் சட்ஜமத்தைத் தன் குரலுக்கு ஏற்ற கட்டையில் வைத்துக்கொள்ளலாம், பேண்டில் சுரத்தின் இடம் எல்லாருக்கும் ஒன்றுதான். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில் வளர்ந்த காதுக்கு நேராக நிற்கும் சுரம் உயிரில்லாதது போலத் தோன்றும், அதனால் பிள்ளை தன்னையறியாமல் அசைக்கும். பயிற்றுநர் "நேரா, நேரா" என்பார். பிள்ளையின் இசையறிவைக் குறைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு இசையையும் ஒரே பிள்ளை வாசிக்கலாம். எது எங்கே என்று தெரிந்தால் போதும்.

உறுமி மேளம் அடிக்கும் பையன்களும் அப்படித்தான். தைப்பூசத்தில் மணிக்கணக்காக அடித்த கை, வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாமே காதால் பிடித்தது. ஸ்னேர் டிரம்மில் தாளைப் பார்த்து, மெதுவாக, சன்னமாக அடிக்கச் சொன்னால் அவனுக்கு அவமானமாக இருக்கும். டிரம்முக்கு அடிப்படைப் பாடங்களாக 40 அடிமுறைகள் உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கின்றன. அதில் முதல் சிலவற்றை ரப்பர் பலகையில் மாதக்கணக்கில் அடித்தால்தான் உண்மையான டிரம் கைக்கு வரும். அந்த மாதங்களைத் தாண்டிவிட்டால் உறுமி தந்த கைவேகம் அவனை நல்ல டிரம்மராக ஆக்கும். இடையில் விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் கஷ்டப்படுகிறது. தமிழ்ப்பள்ளியில் ரெக்கார்டர் கற்றிருந்தால் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள், சாக்ஸபோன் விரல் நிலைகளோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு.

வெயில், புகை, காது

அணிவகுப்புப் பயிற்சி என்றால் திடலில் "செடியா" (நேராக நில்) சொன்ன நேரத்திலிருந்து வெயில். தொப்பி, தண்ணீர், மாற்றுச்சட்டை மூன்றும் பையில் இருக்கட்டும். வெயில் கடுமையாகி மூன்று நாள் தொடர்ந்து 35 பாகை செல்சியசுக்கு மேல் போனால் வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடும். புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பள்ளியில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும். போட்டி நெருங்குகிறது என்று யாராவது திடலில் நிறுத்தினால் பெற்றோர் பேச வேண்டியது அப்போதுதான்.

காதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். சிறிய அறையில் டிரம் பிரிவு அடிக்கும்போது அந்த அளவை எளிதாகத் தாண்டும். காது அடைப்பான் வாங்கிக் கொடுங்கள், வெட்கப்படாமல் போடச் சொல்லுங்கள். போன செவித்திறன் திரும்பாது.

சீனியர்களும் வெளியேறுவதும்

பேண்டில் சிறியவர்களுக்குக் கற்றுத்தருவது பெரும்பாலும் படிவம் 3, 4 மாணவர்கள்தான். அது நல்ல பழக்கம். முதல் ஆண்டுப் பிள்ளை மேசை நாற்காலி அடுக்குவதும், தாள் தாங்கி தூக்குவதும், மேடையில் ஏறாமல் பின்னால் நின்று பார்ப்பதும் சாதாரணம். முதல் நிகழ்ச்சியிலேயே மகள் முன்வரிசையில் வாசிப்பாள் என்று மாமா சித்தப்பாவையெல்லாம் அழைத்து வராதீர்கள். தாமதமாக வந்தால் திடலைச் சுற்றி ஓட வைப்பதை ஒழுங்கு என்று ஏற்கலாம். கருவிப்பெட்டியைச் சுமக்க வைத்துச் சிரிப்பது, பணம் பிடுங்குவது, தோலின் நிறத்தையோ பேச்சையோ கிண்டல் செய்வது, அறையைப் பூட்டி மிரட்டுவது எதுவும் ஒழுங்கு அல்ல. அதைப் பகடிவதை என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளை "பேண்டுக்குப் போக மாட்டேன்" என்றால் சோம்பல் என்று திட்டுவதற்கு முன், பயிற்சி முடிந்த பிறகு அறையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். சீனியரிடம் நேராகச் சண்டைக்குப் போகாமல் பொறுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

மதிப்பெண்ணுக்காகச் சேர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான எஸ்டிபிஎம், மெட்ரிக்குலேசன் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதில் வருகை, பதவி, பங்கெடுத்த நிலை, அடைவு எல்லாம் சேர்ந்தே கணக்காகும். பெயரைப் பதிந்துவிட்டு வராமல் இருந்தால் ஒன்றும் தேறாது.

படிவம் ஐந்தில் எஸ்பிஎம் தேர்வு எழுதும் ஆண்டில் பிள்ளையை பேண்டிலிருந்து இழுத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. விடுவது தவறில்லை. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது விடுவதுதான் தவறு. ஒரு போட்டியோ நிகழ்ச்சியோ முடிந்த மறுவாரம் சொல்லுங்கள், அந்தப் பகுதியை வாசிக்க இன்னொரு பிள்ளை தயாராகும்வரை சில வாரம் கொடுங்கள். கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாய்முகப்பு, தாள்கள், சீருடை, தொப்பி என்று ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பிள்ளை வந்த நாட்கள் வருகைப் பதிவேட்டில் சரியாக இருக்கின்றனவா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள், ஆண்டு இறுதியில் போய்க் கேட்டால் தேடி எடுப்பது கஷ்டம்.